முன்னால் நிற்கும் 2

1772 நவம்பர் தொடக்கத்தில் பாரிஸ் அறிவியல் கழகத்தின் செயலாளரிடம் முத்திரையிட்ட உறை ஒன்று வந்து சேர்ந்தது. கொடுத்தவர் 29 வயது அந்துவான் லவாய்சியர். உறையை இப்போது பிரிக்கக் கூடாது, பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உள்ளே இருந்தது சிறு குறிப்புதான். கந்தகத்தையும் பாஸ்பரஸையும் எரித்துப் பார்த்திருக்கிறார். எரிந்த பிறகு எடை குறையவில்லை, கூடியிருக்கிறது. வெளியில் சொன்னால் வேறு யாராவது அந்த நூலைப் பிடித்துக்கொண்டு முந்திவிடுவார்கள். சொல்லாமலே இருந்தாலும் முந்திவிடுவார்கள். அதனால்தான் உறை.

எடை கூடியதில் அப்படி என்ன ரகசியம்? அந்தக் காலத்து வேதியியல் முழுவதும் ஃபுளோஜிஸ்டன் என்ற ஒன்றை நம்பி நின்றது. எரியக்கூடிய பொருள் எல்லாவற்றுக்குள்ளும் அது ஒளிந்திருக்கிறது, எரியும்போது வெளியேறிவிடுகிறது என்று ஜெர்மனியின் ஸ்டால் சொல்லிவைத்ததை ஐரோப்பா ஏற்றுக்கொண்டிருந்தது. விறகு விஷயத்தில் கதை கச்சிதமாகப் பொருந்தியது. உலோகங்களில்தான் இடித்தது. ஈயத்தையோ வெள்ளீயத்தையோ காற்றில் வறுத்தால் கிடைத்த பொடி, போட்ட உலோகத்தைவிடக் கனத்தது. ஒன்று வெளியே போன பிறகு மிச்சம் எப்படிக் கனக்கும்? ஃபுளோஜிஸ்டனுக்கு எதிர்மறை எடை உண்டு என்றுகூடச் சிலர் சமாளித்தார்கள். மற்றவர்கள் எடையைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. அலட்டிக்கொண்டவரின் பிழைப்பு வரி வசூல்.

1768-இல் லவாய்சியர் ‘ஃபெர்ம் ஜெனரால்’ என்ற குத்தகை அமைப்பில் பங்கு வாங்கியிருந்தார். மன்னருக்கு முன்பணம் கட்டிவிட்டு, உப்புக்கும் புகையிலைக்கும் மக்களிடம் வரி கறந்துகொள்ளும் கூட்டம் அது. ஊர் வயிற்றெரிச்சலை அளவில்லாமல் கொட்டிக்கொண்டது. அதில் வந்த பணம் தராசுகளாக மாறியது. பிரான்சின் தேர்ந்த கைவினைஞர்களிடம் சொல்லிச் செய்த தராசுகள். காலையில் 6 முதல் 9 வரையும், இரவில் 7 முதல் 10 வரையும் ஆய்வகம். இடைப்பட்ட பகல் வரிக்கணக்குக்கு. மனைவி மரி ஆன் 13 வயதில் கைப்பிடித்தவர். கணவருக்காக ஆங்கிலம் கற்றுக்கொண்டு கட்டுரைகளை மொழிபெயர்த்தார், ஓவியம் பயின்று கருவிகளைக் கோடு பிசகாமல் வரைந்தார். இருவரும் ஆய்வகத்தில் செய்தது, கல்லாவில் நாலணா இடித்தாலும் கடையைப் பூட்ட விடாத கணக்கப்பிள்ளையின் வேலை: உள்ளே போனது இவ்வளவு, வெளியே வந்தது இவ்வளவு, இரண்டும் ஒத்துப்போகிறதா?

1774 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்த ஜோசப் பிரீஸ்ட்லி, பாரிஸ் விருந்து ஒன்றில் பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னார். பாதரசத்தின் சிவப்புப் பொடியைச் சூடாக்கினால் விசித்திரமான காற்று ஒன்று வருகிறது. அதில் மெழுகுவத்தி பிரமாதமாக எரிகிறது. சொன்னவர் ஃபுளோஜிஸ்டன் பக்தர். கேட்டுக்கொண்டிருந்தவருக்கோ அந்த உறைக்குள் இருந்த புதிருக்கு விடை எதிர் நாற்காலியிலிருந்து வந்து விழுந்திருந்தது.

லவாய்சியர் செய்த சோதனை பிறகு பாடப்புத்தகப் புகழ் பெற்றது. வளைந்த நீள்கழுத்துக் குடுவையில் 4 அவுன்ஸ் பாதரசம். அதனோடு அடைபட்ட காற்று சுமார் 50 கன அங்குலம். கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே, 12 நாட்கள் இடைவிடாமல் சூடு. பாதரசத்தின் மேல் சிவப்புத் துகள்கள் படரத் தொடங்கின. காற்று 42, 43 கன அங்குலத்துக்குச் சுருங்கியது. பிறகு அந்தச் சிவப்புப் பொடியை மட்டும் பிரித்து எடுத்தார். 45 கிரெயின் இருந்தது. அதை அதிகச் சூட்டில் வைத்தபோது 41½ கிரெயின் பாதரசமும், 7 முதல் 8 கன அங்குலம் காற்றும் திரும்பி வந்தன. காணாமல் போனது அத்தனையும் கைக்கு வந்துவிட்டது. எதுவும் வெளியேறவில்லை, காற்றிலிருந்து ஒன்று சேர்ந்துகொண்டிருந்தது. அதற்குத்தான் ஆக்சிஜன் என்று பெயர் வைத்தார். கணக்கு நேராகிவிட்டது. அதை எப்படி எழுதுவது என்ற கேள்விதான் பாக்கி.

அதற்கான விடை ஒயின் பீப்பாய்க்குள் இருந்தது. 1789-இல், பாஸ்டில் சிறை விழுந்த அதே ஆண்டில், லவாய்சியரின் வேதியியல் பாடநூல் வெளிவந்தது. அதில் திராட்சைச் சாறு நொதிப்பதைப் பற்றிய அத்தியாயத்தில், செயற்கையாகவோ இயற்கையாகவோ எதுவும் புதிதாகப் படைக்கப்படுவதில்லை, வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு மாறுவதில்லை என்று எழுதினார். அப்படியென்றால் இதை அல்ஜீப்ராக் கணக்கைப் போலவே எழுதிவிடலாமே? எழுதினார்: இடப்பக்கம் திராட்சைச் சாறு, நடுவில் சமக்குறி, வலப்பக்கம் கார்பானிக் அமிலம், கூட்டல், ஆல்கஹால். வேல்ஸ் நாட்டு மருத்துவர் ராபர்ட் ரெக்கார்டு, ‘சமம்’ என்று திரும்பத் திரும்ப எழுதிச் சலித்துப்போய் 1557-இல் போட்ட இரட்டைக் கோடு, இப்படியாக ஒயினுக்கும் அதன் சாற்றுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது.

கூடவே அட்டவணையும் இருந்தது. நீர் 400 பவுண்டு, சர்க்கரை 100, ஈஸ்ட் 10, ஆக மொத்தம் 510. நொதித்த பிறகு வந்தவற்றைக் கூட்டினாலும் கணக்கு நேரானது. ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த எண்களைத் தோண்டிப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரைக்குள் எது எவ்வளவு இருக்கிறது என்பதில் லவாய்சியர் வைத்திருந்த விகிதங்களே தவறு, அளவீடுகளிலும் பிழை. ஒரு பிழை இன்னொன்றை அடித்து நேராக்கியிருந்தது! விடைத்தாள் திருத்தும் ஆசிரியர் யாராக இருந்தாலும், விடை சரி, வழி தவறு என்று பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பார். அதிர்ஷ்டம் அந்த ஒரு கணக்கில் கைகொடுத்தது. அதற்குப் பிறகு கைகொடுக்கவில்லை.

1793 நவம்பரில் வரிக் குத்தகைக்காரர்களைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. 1794 மே 8 அன்று லவாய்சியரின் தலை கில்லட்டினில் விழுந்தது. அதே நாளில், அதே இடத்தில் அவருடைய மாமனாரின் தலையும். அவர் விட்டுச்சென்ற சமக்குறிக்கு இரு புறமும் எடைகள் மட்டுமே இருந்தன. எத்தனை பவுண்டு என்பதற்கு விடை உண்டு. எத்தனை ‘பேர்’ என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்கவேண்டும் என்றே யாருக்கும் தோன்றாததற்கு நல்ல காரணம் இருந்தது: எண்ணுவதற்கு எதுவும் இல்லை.

இதற்கிடையில் ஸ்பெயினில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஜோசப் புரூஸ்ட், மண்ணிலிருந்து தோண்டியெடுத்த செம்புக் கார்பனேட்டையும் ஆய்வகத்தில் தயாரித்ததையும் பகுத்து, இரண்டிலும் ஒரே விகிதம்தான் என்று 1799-இல் காட்டினார். சேர்மம் என்றால் அதன் உள்விகிதம் மாறாது. பெர்த்தொலே என்ற பெரிய மனிதர் ஆண்டுக்கணக்கில் மறுத்தார். புரூஸ்ட் விடவில்லை. இந்தச் சண்டை வகுப்பறை வரைக்கும் நீண்டு வரப்போகிறது என்று இருவருக்குமே தெரியாது.

எண்ணுவதற்கான பொருளைக் கொண்டுவந்தவர் மான்செஸ்டரில் இருந்த ஜான் டால்ட்டன். 12 வயதிலேயே பள்ளி நடத்தத் தொடங்கிய குவேக்கர் சமயத்தவர். 1787 முதல் சாகும்வரை அன்றாடம் வானிலைக் குறிப்பு எழுதியவர். அவர் மண்டையைக் குடைந்த கேள்வியும் வானிலையைச் சேர்ந்ததுதான்: காற்றில் உள்ள பல வாயுக்கள் எடைக்கு ஏற்ப அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்காமல் ஏன் கலந்தே இருக்கின்றன? அதைத் துரத்திக்கொண்டு போனவர், 1803 செப்டம்பரில் தன் நோட்டுப் புத்தகத்தில் அணுக்களுக்கு எடை போட்டு முதல் பட்டியலை எழுதினார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வகை அணு. வேதிவினை என்பது அணுக்கள் சேர்வதும் பிரிவதும். பட்டறைப் பொறியாளர் நண்பர் ஒருவர் மரத்தில் உருண்டைகள் கடைந்து கொடுத்தார். காகிதத்தில் வட்டங்கள் போட்டார்: வெறும் வட்டம் ஆக்சிஜன், நடுவில் புள்ளி வைத்தால் ஹைட்ரஜன், முழுக்கக் கறுத்தால் கார்பன்.

தண்ணீரில் எத்தனை வட்டம்? எடை தெரிந்தாலும் எண்ணிக்கை தெரிய வழியே இல்லை. டால்ட்டன் ஓர் ஊகத்தை விதியாக்கினார்: இரு தனிமங்கள் சேர்ந்து ஒரே ஒரு சேர்மம்தான் தெரிந்திருக்கிறது என்றால், அது ஒன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆகவே நீர் என்பது ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும். எச் டூ ஓ இல்லை, வெறும் எச் ஓ. தண்ணீர் உருவாவதை டால்ட்டன் முறையில் எழுதினால் புள்ளி வட்டம், கூட்டல், வெறும் வட்டம், இரண்டும் ஒட்டிய ஜோடி. முடிந்தது. இடப்பக்கம் இருந்த இரண்டும் வலப்பக்கம் இருக்கின்றன. சமன்படுத்த ஒரு வேலையும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உலகம் வாய்த்திருக்காது. அது ஆறே மாதம் நிம்மதியாக இருந்தது.

1808-இல்தான் டால்ட்டனின் நூல் வந்தது. அதே ஆண்டின் கடைசி நாளில், டிசம்பர் 31 அன்று, பாரிஸில் லூயி ஜோசப் கே-லுசாக் தன் ஆய்வை வாசித்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் பலூனில் தனியாக 7,000 மீட்டர் உயரம் ஏறிக் காற்றைப் பிடித்துவந்த துணிச்சல்காரர். வாயுக்கள் சேரும்போது எடையில் கோணல்மாணலான எண்கள் வருகின்றன. கொள்ளளவில் பார்த்தாலோ சின்னஞ்சிறு முழு எண்கள். 2 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு ஆக்சிஜனும் சேர்ந்தால் 2 பங்கு நீராவி. 3 பங்கு ஹைட்ரஜனும் 1 பங்கு நைட்ரஜனும் சேர்ந்தால் 2 பங்கு அம்மோனியா. டால்ட்டனின் அணுக்கொள்கைக்கு இதைவிடப் பெரிய ஆதரவு தேவையில்லை என்றுதான் கே-லுசாக் நினைத்தார். டால்ட்டனுக்கு அது இடியாக இறங்கியது.

காரணம் எளிது. ஒரு பங்கு ஆக்சிஜனில் 1,000 அணுக்கள் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதிலிருந்து 2 பங்கு நீராவி, அதாவது 2,000 நீர்த்துகள்கள் வர வேண்டும். ஒவ்வொரு துகளுக்கும் ஆக்சிஜன் தேவை. இருப்பதோ 1,000. ஆளுக்கு அரை அணுதான் கிடைக்கும். அணுவைப் பிளக்கவே முடியாது என்று புத்தகம் போட்டு ஆறு மாதத்தில் அரை அணுவா? டால்ட்டன் அளவீட்டையே மறுத்தார். 2-க்கு 1 எல்லாம் இல்லை, தான் எடுத்த மிகத் துல்லியமான சோதனையில் ஹைட்ரஜன் 1.97 என்று அச்சில் அடித்துச் சொன்னார். அவரைப் பிடிவாதக்காரர் என்று எழுதுவது வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் கையில் இருந்த அணுவின்படி அந்தக் கணக்கு உண்மையிலேயே இடிக்கத்தான் செய்தது; கோளாறு வேறிடத்தில் இருந்தது.

இடத்தைக் கண்டுபிடித்தவர் வக்கீல். அமெதியோ அவகாத்ரோ, இத்தாலியின் வடக்கே தூரின் நகரத்துப் பிரபுக் குடும்பம். திருச்சபைச் சட்டத்தில் 20 வயதில் பட்டம் வாங்கியவர். பிறகு இயற்பியலில் ஆசை வந்து, வெர்ச்செல்லி என்ற சிற்றூரில் ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். 1811-இல் பிரெஞ்சு இதழொன்றில் கட்டுரை எழுதினார். வெப்பநிலையும் அழுத்தமும் ஒன்றாக இருந்தால், சம கொள்ளளவு வாயுக்களில், அவை எந்த வாயுவாக இருந்தாலும், துகள்களின் எண்ணிக்கை சமம். அந்தத் துகள் தனி அணுவாக இருக்க வேண்டியதில்லை. ஆக்சிஜன் துகள் இரட்டையாக இருக்கலாம். வினையின்போது பிளவுபடுவது அணு இல்லை, இரட்டை. ஓர் ஆக்சிஜன் ஜோடி பிரிந்து இரண்டு நீர்த்துகள்களுக்குப் போகிறது. அரை அணு தேவையே இல்லை. இருபுறச் சண்டையும் ஒரே வரியில் தீர்ந்துவிட்டது. யாரும் படிக்கவில்லை.

படித்த சிலரும் நம்பவில்லை. அவகாத்ரோ சோதனைக்காரர் இல்லை, ஊர் பெரியதில்லை, நடையும் சுளுவானதில்லை. அதையெல்லாம்விட, வேதியியலின் சிம்மாசனத்தில் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் அமர்ந்திருந்தார். அந்தச் சிம்மாசனம் சமையலறையை ஒட்டி இருந்தது என்பது வேறு விஷயம். 1823-இல் அவரிடம் பயில வந்த ஃபிரெடரிக் வோலர் எழுதிவைத்திருக்கிறார்: ஆய்வகம் என்பது இரண்டு சாதாரண அறைகள், பக்கத்து அடுக்களையில் அன்னா என்ற பெண்மணி ஒருபுறம் சாப்பாடு சமைப்பார், மறுபுறம் மணற்சட்டி சூடாகிக்கொண்டிருக்கும். குடுவை கழுவுவதும் அவர்தான். ஒருநாள் ஒரு பாத்திரத்தில் ஆக்சிஜனேறிய மியூரியாடிக் அமில வாடை அடிக்கிறது என்று அன்னா சொல்ல, இனிமேல் அதைக் குளோரின் என்றுதான் சொல்ல வேண்டும் என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். பெயர் விஷயத்தில் அவ்வளவு கறார்.

அந்தக் கறார்தான் 1813-இல் வேதியியலுக்கு எழுத்துகளைக் கொடுத்தது. வட்டம், புள்ளி, பிறை எல்லாம் எழுதக் கஷ்டம், அச்சிட்டால் புத்தகமே அலங்கோலம் என்று பெர்சீலியஸ் கருதினார். லத்தீன் பெயரின் முதலெழுத்தை எடுத்தால் போதும். இரண்டு தனிமங்கள் மோதினால் கூட ஓர் எழுத்து. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துகள்! டால்ட்டன் இதைப் பார்த்து அருவருத்தார். ஹீப்ரு கற்பது போலத்தான் இதைக் கற்பதும் என்று பொருமினார். அணு ஒன்றுக்கு மேல் இருந்தால் பெர்சீலியஸ் எண்ணை எழுத்தின் தலைமேல் வைத்தார். தலைமேல் 2 போட்டால் அல்ஜீப்ராவில் வர்க்கம் என்று அர்த்தமாகிவிடுமே என்று கேம்பிரிட்ஜின் வில்லியம் வேவல் 1831-இல் சண்டைக்கு வந்தார். 1834-இல் ஜெர்மனியின் லீபிக் அந்த எண்ணை மெதுவாக எழுத்தின் காலடிக்கு இறக்கினார். அங்கேயே தங்கிவிட்டது.

எழுத்து வந்துவிட்டது, சிறு எண்ணும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சிறு எண் எவ்வளவு என்பதில்தான் கலவரம். பெர்சீலியஸின் கொள்கைப்படி அணுக்களை ஒட்டவைப்பது மின்சாரம்: நேரும் எதிரும் ஈர்க்கும். ஹைட்ரஜன் இரண்டும் ஒரே மின்தன்மை கொண்டவை. அவை எப்படி ஜோடி சேரும்? அவகாத்ரோவின் இரட்டைக்கு அத்துடன் கதவு அடைந்தது. பாரிஸில் ழான் பத்தீஸ்த் துமா, ஆவிகளின் அடர்த்தியை அளந்து அவகாத்ரோவின் வழியில் அணு எடை கண்டுபிடிக்க 1826-இல் இறங்கினார். எல்லாத் துகளும் இரட்டையே என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். பாதரசத்தில் விடை பாதியாக வந்தது, பாஸ்பரஸில் இரு மடங்காக வந்தது, கந்தகத்தில் மூன்று மடங்கு. சலித்துப்போன துமா, தனக்கு அதிகாரம் இருந்தால் அணு என்ற சொல்லையே அறிவியலிலிருந்து அழித்துவிடுவேன் என்று வகுப்பிலேயே சொன்னார்.

அடுத்த இருபது ஆண்டுகள் கூத்துதான். ஹைட்ரஜன் 1 என்றால் ஆக்சிஜன் 8 என்று ஒரு கட்சி. அவர்களுக்கு நீர் எச் ஓ. இல்லை, 16 என்று மறு கட்சி. அவர்களுக்கு எச் டூ ஓ. ஒரே புட்டியில் இருந்த ஒரே திரவத்துக்கு ஊருக்கு ஒரு வாய்பாடு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அப்போது புழங்கிய வாய்பாடுகளை ஆகஸ்ட் கெக்குலே தன் நூலில் தொகுத்தபோது 19 தேறின. இந்த நிலையில் சமன்பாடு எழுதுவது என்றால், எந்தக் கட்சி என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். கெக்குலேவுக்குப் பொறுமை போயிற்று. எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்துவிட்டால் என்ன?

1860 செப்டம்பர் 3. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரச் சட்டமன்ற மண்டபத்தில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து சுமார் 140 வேதியியலாளர்கள் கூடினார்கள். வேதியியல் வரலாற்றில் முதல் பன்னாட்டு மாநாடு. அணு என்றால் என்ன, மூலக்கூறு என்றால் என்ன, எந்த எடை, எந்த எழுத்து. மூன்று நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் சிசிலிக்காரர் ஒருவர் எழுந்தார். ஸ்தனிஸ்லாவோ கனிட்சாரோ, 34 வயது. 1848 கலகத்தில் மன்னருக்கு எதிராகப் பீரங்கிப் படையில் நின்று, தோற்று, நாடுவிட்டு ஓடி, பின் ஜெனோவாவில் பேராசிரியரானவர். அவகாத்ரோ சொன்னதுதான் சரி, அரைநூற்றாண்டாக அதைக் கையில் வைத்துக்கொண்டே தேடிக்கொண்டிருக்கிறோம் என்று வாதாடினார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்ட அவகாத்ரோவுக்கு அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. மண்டபமும் மசியவில்லை. அறிவியல் உண்மையை ஓட்டுப்போட்டு முடிவுசெய்ய முடியாது, அவரவர் விருப்பம் என்று சொல்லி மாநாடு கலைந்தது. முழுத் தோல்வி.

கலைந்து போகிறவர்கள் கையில் கனிட்சாரோவின் நண்பர் ஆஞ்செலோ பவேசி ஒரு மெல்லிய பிரசுரத்தைத் திணித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆய்வுக் கட்டுரை இல்லை. ஜெனோவாவில் தன் மாணவர்களுக்கு எந்த வரிசையில் பாடம் நடத்துகிறேன் என்று கனிட்சாரோ 1858-இல் இன்னொரு நண்பருக்கு எழுதிய கடிதம், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குப் புரியவேண்டும் என்பதற்காக அவர் எளிய வழி ஒன்றை வகுத்திருந்தார்: ஒரு தனிமம் உள்ள பல சேர்மங்களின் ஆவியை எடை போட்டு, ஒவ்வொன்றின் மூலக்கூறிலும் அந்தத் தனிமம் எவ்வளவு என்று பார், எல்லாம் ஒரு சிறிய எண்ணின் மடங்குகளாகவே வரும், அந்தச் சிறிய எண்தான் அணு எடை. துமா சறுக்கிய இடமும் தெளிந்தது. எல்லாத் துகளும் இரட்டை இல்லை. பாதரசத்தில் ஒற்றை, ஆக்சிஜனில் ஜோடி, பாஸ்பரஸில் நான்கு. ஜெர்மனியின் லோத்தர் மேயர் ஊருக்குத் திரும்பும் வழியில் அதைப் படித்தார். கண்ணை மறைத்திருந்த திரை விலகியதுபோல் இருந்தது என்று பிறகு எழுதினார். ரஷ்யாவிலிருந்து வந்திருந்த 26 வயது மெண்டலீவும் அந்த அணு எடைகளோடு ஊர் திரும்பினார். ஒன்பது ஆண்டுகளில் அவற்றை அடுக்கித் தனிம அட்டவணை போட்டார்.

இங்கேதான் தண்ணீருக்குச் சிக்கல் முளைத்தது. ஹைட்ரஜன் ஜோடியாக வருகிறது, ஆக்சிஜனும் ஜோடியாக வருகிறது, நீரில் இருப்பதோ ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று. எழுதிப் பார்த்தால் இடப்பக்கம் ஆக்சிஜன் 2, வலப்பக்கம் 1. லவாய்சியர் போட்ட சமக்குறி பொய் சொல்லத் தொடங்கியது. அதை நேராக்க நீருக்கு முன்னால் 2 போட வேண்டும். போட்டதும் வலப்பக்க ஹைட்ரஜன் 4 ஆகிவிடுகிறது. எனவே இடப்பக்க ஹைட்ரஜனுக்கு முன்னாலும் 2. இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு. 2, 1, 2. கே-லுசாக் கொள்ளளவில் கண்ட அதே எண்கள்! ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ‘பின்வரும் வேதிச்சமன்பாட்டைச் சமன்படுத்துக’ என்று கேட்கப்படும் கேள்வியில், பென்சிலால் போட்டுப் போட்டு அழிக்கப்படும் அந்த எண் இப்படித்தான் பிறந்தது.

அந்த வகுப்பில் ஆசிரியர்கள் போடும் முதல் சத்தமும் இந்தக் கதையின் தழும்புதான்: காலடியில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடாதே, முன்னால் இருக்கும் பெரிய எண்ணை மட்டும் மாற்று. கணக்கை நேராக்கும் அவசரத்தில் நீருக்குக் கீழே இன்னொரு 2 போட்டு எச் டூ ஓ டூ என்று எழுதுகிற மாணவன் எந்த வகுப்பிலும் உண்டு. அணுக்கள் என்னவோ சமமாகிவிடும். ஆனால் கிடைப்பது தண்ணீர் இல்லை. பிரான்சின் தெனார் 1818-இல் தயாரித்த, தோலில் பட்டால் வெளுக்கவைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு. சின்ன எண், புரூஸ்ட் சொன்ன மாறாத விகிதம். அது பொருளுக்குச் சொந்தம். எத்தனை மூலக்கூறு எடுத்துக்கொள்வது என்ற பெரிய எண் மட்டுமே எழுதுகிறவர் கையில்.

கணக்கு இருந்தால் குறுக்குவழி வராமல் இருக்குமா? 1880-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஓட்டிஸ் ஜான்சன், ஒரு தனிமம் இழப்பதும் இன்னொன்று பெறுவதும் சமமாக இருக்கவேண்டும் என்று வைத்து, சிக்கலான வினைகளைச் சமன்படுத்த விதி வகுத்தார். மேல்வகுப்பில் ஆக்சிஜனேற்ற எண் முறை என்று நடத்தப்படுவதன் மூதாதை அது. இழப்பதும் பெறுவதும் எலக்ட்ரான் என்று அவருக்குத் தெரியாது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. 1884-இல் ஆம்ஸ்டர்டாமின் வான்ட் ஹாஃப், பல வினைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன என்று காட்ட, சமக்குறியை எடுத்துவிட்டு எதிரெதிரான இரண்டு அம்புகளைப் போட்டார். லவாய்சியரின் ஒயின் கணக்கில் வந்த இரட்டைக் கோடு மெல்ல மெல்ல அம்புக்கு வழிவிட்டது.

முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பிளஸ் ஒன் வரைக்கும்தான். பத்தாம் வகுப்பில் ஆக்சிஜனுக்கு முன்னால் ½ போட்டு மதிப்பெண் இழந்த அதே மாணவனுக்கு, அங்கே வெப்ப வேதியியல் பாடத்தில் புத்தகமே ½ ஆக்சிஜன் என்று அச்சிட்டுக் காட்டுகிறது. சரியாக ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிவரும் 286 கிலோஜூல் வெப்பத்தைச் சொல்ல வேறு வழியில்லை. ஒரு ஹைட்ரஜன், அரை ஆக்சிஜன், ஒரு நீர். டால்ட்டன் பார்த்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பார். பிளந்திருப்பது ஜோடிதான், அணு இல்லை என்று அவருக்கு விளக்க வெர்ச்செல்லியிலிருந்து அந்த வக்கீல்தான் வர வேண்டும்.